பல வருகுது, சில வரேல்லை: கோ கொம்பைலர் தமிழை எப்படிப் பார்க்குது?

சனிக்கிழமை ரீச்சர் | சனி, பி.ப. 1.40

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேல்மாடியில் சனிக்கிழமை காலையில் தரம் 9, 10 பிள்ளைகளுக்குப் புரோகிராமிங் சொல்லிக் குடுக்கிறன். எல்லாரும் தமிழ் மொழிமூலம் படிக்கிற பிள்ளைகள். வேலையிடத்தில் நான் எழுதுறது கோ மொழி. கெதியாக் கொம்பைல் ஆகும், ஒரே ஒரு கோப்பாக ஓடும் எண்டுதான் வகுப்புக்கும் அதையே எடுத்தன்.

இண்டைக்கு மாறிகளுக்குத் தமிழிலயே பெயர் வைக்கச் சொன்னன். ஒரு பிள்ளை மாம்பழக் கணக்கு ஒண்டு எழுதி, இரண்டு மாறிக்கும் ‘பல’, ‘சில’ எண்டு பெயர் வைச்சாள். ‘பல’ பிரச்சினை இல்லாமல் போச்சுது. ‘சில’ எண்டதுக்கு, பெயருக்குள்ள செல்லாத குறி இருக்கெண்டு, நாங்கள் எழுதுற நிரலைக் கணினி ஓட்டுற வடிவத்துக்கு மாத்துற கொம்பைலர் நிப்பாட்டிப் போட்டுது. அது காட்டின குறி ‘ி’.

பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்து, “அப்ப ‘சில’ தமிழ் இல்லையா மிஸ்?” எண்டு கேட்டாள். பதினொரு வருசமா இந்த வேலை செய்யிறன், எனக்குப் பதில் வரேல்லை. ‘விலை’ வரேல்லை, ‘மரம்’ வரேல்லை, ‘மொத்தம்’ வரேல்லை. ‘அரச’, ‘இதர’, ‘உலக’ வருகுது. அடுத்த சனிக்கிழமைக்குள்ள சரியான விளக்கம் வேணும். கொம்பைலர் பிழையா, நான் விட்ட பிழையா?

கொட்டாஞ்சேனை13 | சனி, பி.ப. 2.25

டீச்சர், இது பக் இல்லை. மொழியோட விதியையே அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க.

எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்கிற நியமம்தான் யூனிகோட். அது ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகையும் குடுத்திருக்கு. ‘ச’ எழுத்து வகை. ‘ி’ எழுத்து வகையில வராது, முன்னால நிக்கிற எழுத்தோட ஒட்டுற குறி அது. புள்ளியும் அப்படித்தான், ‘ா’, ‘ை’, ‘ொ’ எல்லாமே அப்படித்தான். கோ விதிப்படி ஒரு பெயர் எழுத்துல இல்லாட்டி அடிக்கோட்டுல தொடங்கணும், பிறகு எழுத்து, அடிக்கோடு, இலக்கம் வரலாம். ஒட்டுக்குறிக்கு இடமே இல்லை. அதனால அகர உயிர்மெய்யும் உயிரும் மட்டும் உள்ள சொல்தான் தப்பும். புள்ளியில முடியிற சொல் ஒண்ணுகூட தேறாது. தமிழ்ல எத்தனை பெயர்ச்சொல் புள்ளியில முடியுதுன்னு யோசிங்க.

2015 ஆகஸ்ட்ல வந்த 1.5 பதிப்புல இருந்து அந்தக் கொம்பைலரே கோ மொழியிலதான் இருக்கு, நீங்களே திறந்து வாசிக்கலாம். நிரலைக் குறி குறியா வாசிக்கிற ஸ்கானர் பகுதியில, வந்த குறி எழுத்தா, இலக்கமான்னு கேட்குது. ரெண்டும் இல்லாத வேற்று எழுத்துன்னா நீங்க பார்த்த அந்தச் செய்தி. கோ குழு இதை மறைக்கவும் இல்லை. அவங்க கேள்வி-பதில் பக்கத்திலயே, ஒட்டுக்குறிகளை வேணும்னுதான் விலக்கினோம், அதால தேவநாகரி மாதிரி சில மொழிகள் வெளியில போகுதுன்னு எழுதியிருக்காங்க. தமிழும் அதே வரிசைதான்.

இன்னொண்ணு இருக்கு. ‘பல’ தப்பிச்சாலும் முழுசாத் தப்பல. வேற பேக்கேஜ்ல (நிரலோட வேற தொகுதியில) இருந்து பார்க்கணும்னா பெயர் பெரிய எழுத்துல தொடங்கணும். தமிழ்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஸ்ட்ரக்ட்டுக்குள்ள (பல தரவைச் சேர்த்து வைக்கிற அமைப்பு) தமிழ்ப் பெயர்ல ஃபீல்ட் வச்சு ஜேசனா (தரவை அனுப்புற எழுத்து வடிவம்) மாத்திப் பாருங்க, பிழைச் செய்தி ஒண்ணுமே இல்லாம வெறும் அடைப்புக்குறி வரும். முன்னால ஒரு ஆங்கில எழுத்தை ஒட்டி வச்சுக்கோங்கன்னு ஒரு வழி சொல்றாங்க. அது திருப்தியான வழி இல்லைன்னு அவங்களே அந்தப் பக்கத்தில ஒத்துக்கிறாங்க.

பம்பலப்பிட்டி4 | சனி, பி.ப. 3.02

ரீச்சர் அக்கா, நான் இறுதி வருட மாணவன். பைத்தனுக்கு மாறுங்கோ. 2008 டிசம்பரில் வந்த 3.0இல் இருந்தே ‘சில’வும் வரும், ‘மொத்தம்’மும் வரும். பெயர் எழுத்தில் தொடங்க வேணும், ஆனால் இரண்டாவது இடத்தில் இருந்து ஒட்டுக்குறி வரலாம். யூனிகோட்டின் 31ஆவது இணைப்பு சொல்லுற விதி அது. ரஸ்ட் மொழியும் 2021 ஜூனில் வந்த 1.53இல் இருந்து அதே விதிதான். இப்ப ரஸ்டில் ‘மொத்தம்’ எண்டு ஒரு மாறி வைச்சுப் பார்த்தன், ஒரு எச்சரிக்கைகூட இல்லை.

சி மொழி படிக்கிற ஆக்களுக்கு: ஜிசிசி எண்ட சி கொம்பைலரின் 10ஆவது பதிப்பில் (2020) இருந்து மூலக் கோப்பில் நேரடியாகத் தமிழ் எழுதலாம். அதுக்கு முதல் எண் வடிவில் எழுத வேண்டி இருந்தது.

தெமட்டகொடை9 | சனி, பி.ப. 4.47

டீச்சர், ஜாவாவில் இது தொடக்கத்திலிருந்தே பிரச்சினை இல்லை. பெயரின் நடுவில் ஒட்டுக்குறி வரலாம் என்று அங்கே வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

நம்ம கொழும்பில் உருவான மொழியையும் சொல்லாமல் விடக்கூடாது. டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் பலெரினா. 1.0 பதிப்பு 2019 செப்டம்பரில் வந்தது, ஸ்வான் லேக் என்ற பதிப்பு 2022இல். அதன் விதி எழுதப்பட்ட விதம் எனக்குப் பிடிக்கும். எது பெயரில் வரலாம் என்று பட்டியல் போடாமல், எது வரக்கூடாது என்று சொல்லி மற்றதை விட்டுவிடுகிறார்கள்: தனிப்பயன் குறிகள், வெற்றிடம், நிறுத்தக்குறி மாதிரியான குறிகள் கூடாது, அவ்வளவுதான். தமிழ், சிங்களம் இரண்டும் முழுதாக உள்ளே. பின்னணியில் ஜாவா மெஷினுக்கு பைட்கோட் ஆகத்தான் மாறுகிறது, அதனால் ஜாவா டிபக்கரை (பிழை தேடும் கருவி) பழகியவருக்கு அந்நியமாக இராது. சிறு பிள்ளைகளுக்கு முதல் மொழியாகக் கொடுப்பேனா என்றால், இல்லை. அது இணையச் சேவைகளை ஒன்றோடொன்று இணைக்கப் பிறந்த மொழி. மாம்பழக் கணக்குக்குப் பைத்தன் போதும்.

கொட்டாஞ்சேனை13 | சனி, பி.ப. 6.10

எல்லாரும் எப்படி முடியும்னு சொல்றீங்க. செய்யணுமான்னு யாரும் கேட்கல. எங்க டீம்ல ஒன்பது பேர். நாலு பேர் சிங்களம், மூணு பேர் தமிழ், ரெண்டு பேர் வெளிநாட்டுல. ராத்திரி ரெண்டு மணிக்கு சேர்வர் விழுந்தா யார் எழுந்து பார்க்கிறாங்களோ அவங்களுக்கு அந்தக் கோட் விளங்கணும். நான் தமிழ்ல பெயர் வச்சா என் சிங்கள நண்பர் தடுமாறுவார், அவர் சிங்களத்துல வச்சா நான் தடுமாறுவேன். ஆங்கிலம் நம்ம ரெண்டு பேருக்கும் சமதூரம். பிள்ளைகளும் நாளைக்கு இந்த மாதிரி இடத்துலதான் வேலைக்கு வரப் போறாங்க. ஆங்கிலத்துல பெயர் வைக்கிறதை இப்பவே பழக்கினா என்ன தப்பு?

சனிக்கிழமை ரீச்சர் | சனி, இரவு 8.35

தம்பி, நீங்கள் சொல்லுற அலுவலகம் எனக்கும் தெரியும். அங்க நானும் ஆங்கிலத்தில்தான் எழுதுறன், அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் வகுப்பில் நான் பார்க்கிறது வேற. மாறி எண்டால் என்ன எண்டு முதல் நாள் விளங்கப்படுத்தேக்க, ஆங்கிலச் சொல்லைப் பெயராகப் போட்டால் பிள்ளைகள் அந்தச் சொல்லையும் கட்டளை எண்டு நினைக்கினம். எது கொம்பைலரின் சொல், எது தங்கட சொல் எண்டு பிரிச்சுப் பார்க்க அவையளுக்கு வழியில்லை, இரண்டும் ஒரே அந்நியம். ஒரு மகன் மூண்டு கிழமையா ‘டோட்டல்’ எண்ட பெயருக்கே கூட்டுற சக்தி இருக்கு எண்டு நம்பிக்கொண்டிருந்தவன். ‘மொத்தம்’ எண்டு எழுதினால், அது தான் வைச்ச பெயர், ‘வாழைப்பழம்’ எண்டு மாத்தினாலும் கணக்கு மாறாது எண்டு உடனே பிடிபடுகுது. அந்த ஒரு விசயம் பிடிபட்ட பிறகு ஆங்கிலப் பெயருக்குப் போறது ஒரு கிழமை வேலை.

‘சில தமிழ் இல்லையா’ எண்டு கேட்ட பிள்ளைக்கு, கொம்பைலர் உன்ர மொழியை எழுத்தாக எண்ணேல்லை எண்டு நான் சொல்லி அனுப்ப விரும்பேல்லை. பைத்தனுக்கு மாறப் போறன்.

புறக்கோட்டை11 | ஞாயிறு, மு.ப. 10.20

நடுவில் வாறதுக்கு மன்னிக்கவும். புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடைகளுக்கு பில், கணக்கு மென்பொருள் செய்து குடுக்கிறனான். அலுவலகத்திலும் தமிழ்ப் பெயருக்கு ஒரு இடம் இருக்கு எண்டுதான் என்ர அனுபவம். எங்கட கடைக்காரர் கடன் வேற, கைமாற்று வேற எண்டு வைச்சிருக்கினம். கைமாற்றுக்கு வட்டி இல்லை. நான் இரண்டுக்கும் ஒரே ஆங்கிலப் பெயரைப் போட்டு, ஒருக்கால் கைமாற்றுக்கும் வட்டி ஏறிப் போச்சுது. வாடிக்கையாளரிடம் போய் மன்னிப்புக் கேட்டது நான். இப்ப அந்த இரண்டு மாறியும் தமிழிலதான்.

அது இருக்கட்டும். உங்களிட்ட ஒரு உதவி. வாடிக்கையாளர் பட்டியலில் ஊர்ப்படி தேடினால், ‘கொழும்பு’ எண்டு அடிக்க ஒரு பகுதி ஆக்கள்தான் வருகினம். மிச்ச ஆக்களின் முகவரியிலும் ‘கொழும்பு’ எண்டுதான் இருக்கு, கண்ணால பார்க்கிறன். அச்சடிச்சுப் பார்த்தன், டிபக்கரில் நிப்பாட்டி இரண்டு மாறியையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தன், ஒரு வித்தியாசமும் இல்லை. முன்பின் இடைவெளி ஏதும் இருக்கோ எண்டு வெட்டியும் பார்த்தன். சமமா எண்டு கேட்டால் இல்லை எண்டு சொல்லுது. நிரல் கோ மொழி, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். இரண்டு நாளா இதே வேலை.

பழைய சி | ஞாயிறு, மு.ப. 11.45

தம்பி புறக்கோட்டை, அச்சடித்துப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். திரையில் தெரிவது எழுத்துருவும் வடிவமைக்கும் மென்பொருளும் சேர்ந்து வரைந்த படம். உங்கள் நிரல் ஒப்பிடுவது அந்தப் படத்தை இல்லை, உள்ளே இருக்கிற எண்களை. டிபக்கரும் உங்களுக்கு உதவி செய்கிறேன் என்று எண்களைப் படமாக வரைந்து காட்டிவிட்டது.

எண்ணைப் பார்க்கும் வழி ஒவ்வொரு மொழியிலும் இருக்கிறது. கோ மொழியில் ‘பிரின்ட்எஃப்’ கொடுக்கும்போது வெறும் ‘கியூ’ போடாமல் கூட்டல் குறியோடு ‘கியூ’ போடுங்கள், தமிழ் முழுவதும் எண் வடிவில் வரும். பைத்தனில் ‘ஆஸ்கி’ என்றே ஒரு செயற்கூறு உண்டு. நான் சி மொழிக்காரன். ஜிடிபி என்ற டிபக்கரில் நினைவகத்தை ஒக்டலில் (எட்டை அடியாகக் கொண்ட எண்ணில்) பைட் பைட்டாகக் காட்டச் சொல்வேன். ‘க’ என்றால் 340 256 225 என்று வரும். யூனிகோட் எண்களைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், அதனால் மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டு போகலாம்.

என் ஊகம் ‘கொ’வில் நிற்கிறது. ‘கொழும்பு’வின் இரண்டாவது, மூன்றாவது குறிகளைப் பாருங்கள். ஒன்றில் 340 257 212 இருக்கும். மற்றதில் அந்த இடத்தில் 340 257 206, அதற்குப் பின் 340 256 276 இருக்கும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

புறக்கோட்டை11 | ஞாயிறு, பி.ப. 12.30

அண்ணை, அப்படியே இருக்கு! நான் விளங்கிக்கொள்ள வசதியாகச் சாதாரண எண்ணில் எடுத்தன்.

ஒண்டு: 2965, 3018, 2996, 3009, 2990, 3021, 2986, 3009. மொத்தம் எட்டு.
மற்றது: 2965, 3014, 3006, 2996, 3009, 2990, 3021, 2986, 3009. மொத்தம் ஒன்பது.

முதலாவதில் ‘ொ’ ஒரே குறி. இரண்டாவதில் ‘ெ’ தனியா, ‘ா’ தனியா. இது எப்படி வந்தது?

பழைய சி | ஞாயிறு, பி.ப. 1.15

அந்தப் பாதி வாடிக்கையாளர் பட்டியல் எங்கிருந்து வந்தது? பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பா?

புறக்கோட்டை11 | ஞாயிறு, பி.ப. 1.22

ஓம் அண்ணை. 2000களில் கடையில் வேலை செய்த ஒரு அக்கா பாமினியில் அடிச்சு வைச்சது. ஒரு மாற்றி எழுதி யூனிகோட்டுக்குக் கொண்டு வந்தனான்.

பழைய சி | ஞாயிறு, பி.ப. 2.05

அதுதான். பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்போம்: கொம்பு, ககரம், கால் என்று மூன்று விசை. உங்கள் மாற்றி கொம்பையும் ககரத்தையும் இடம் மாற்றியிருக்கிறது, அதுவரைக்கும் சரி. ஆனால் கொம்பும் காலும் சேர்ந்தால் ஒரே குறி என்று அது சேர்க்கவில்லை. இப்போதைய விசைப்பலகையில் அடிப்பவருக்கு நேராக 3018 வருகிறது.

யூனிகோட் இரண்டையும் சமம் என்றுதான் வரையறுக்கிறது. அந்தச் சமத்தை யார் மதிக்கிறார்கள் என்பதில்தான் மொழிகள் பிரிகின்றன. ஸ்விஃப்ட் மதிக்கிறது: இரண்டு ‘கொழும்பு’வையும் ஒப்பிட்டால் உண்மை என்று வரும், நீளம் கேட்டால் நம் கண் எண்ணுகிற நான்கு என்று வரும். மற்றவற்றில் சரியான ‘கொழும்பு’வுக்கு நீளம் கேட்டால் கோவும் ரஸ்டும் பைட்டை எண்ணி 24 என்கின்றன, பைத்தனும் ஜாவாவும் 8 என்கின்றன. யாரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொருவரும் எண்ணும் பொருள் வேறு.

பெயர்களிலும் இதே கதை. பைத்தனும் ரஸ்டும் மாறிப் பெயரை வாசிக்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஜிசிசி அப்படி மாற்றாது, ஆனால் பிரிந்த வடிவம் என்று எச்சரிக்கும். இதில் ஒரு பொறி உண்டு. பைத்தன் சீர்படுத்துவது மாறிப் பெயரை மட்டும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் சரத்தைத் தொடாது. டிக்‌ஷனரியில் இரண்டு ‘கொழும்பு’வும் இரண்டு சாவியாகத்தான் உட்காரும்.

உங்களுக்கான மருந்து: தரவு உள்ளே நுழையும் வாசலில் ஒருமுறை என்எஃப்சி சீர்படுத்தல், அதாவது பிரிந்த குறிகளைச் சேர்ந்த ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. கோ மொழியில் அது அடிப்படை நூலகத்தில் இல்லை, அதே குழு தனியாகத் தரும் ரெக்ஸ்ட் நூலகத்தில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 13 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் சீர்படுத்தும் செயற்கூறு தரவுத்தளத்திலேயே இருக்கிறது, பழைய வரிசைகளை ஒரே கட்டளையில் திருத்தலாம். முதலில் பிரதி எடுத்து வையுங்கள்.

பம்பலப்பிட்டி4 | ஞாயிறு, பி.ப. 3.40

ஐயா, நான் இப்பதான் ரஸ்டில் ‘கொழும்பு’வை நாலாவது பைட்டில் வெட்டிப் பார்த்தன். நிரல் பானிக் ஆகி (இடையில நிண்டு), நாலாவது பைட் எழுத்தின் எல்லை இல்லை, 3இல் இருந்து 6 வரைக்கும் ‘ொ’வுக்குள்ள நிக்குது எண்டு சொல்லிச்சுது. இவ்வளவு விளக்கமாகச் சொல்லுற பிழைச் செய்தியை நான் வேற எங்கயும் பார்க்கேல்லை.

புறக்கோட்டை அண்ணா, பில்லில் பொருட்பெயரை நீளத்துக்கு வெட்டுறீங்களா? ‘நல்லெண்ணெய்’க்கு 11 குறி. பத்தில் வெட்டினால் கடைசிப் புள்ளி போய் ‘நல்லெண்ணெய’ எண்டு வரும். அதையும் பாருங்கோ.

பிறகு, பழைய கோப்பு எண்டால் கண்ணுக்குத் தெரியாத குறிகளும் இருக்கும். அகலமில்லாத இடைவெளி, பிரிப்பான், இணைப்பான் (8203, 8204, 8205) எல்லாத்தையும் ஒரேயடியா நீக்கிப் போடுங்கோ. ‘கெளரி’ மாதிரி எழுதினதையும் திருத்தலாம்: கொம்புக்குப் பிறகு ‘ள’ வந்தால் ‘ௌ’ ஆக்கிவிடுங்கோ.

தெமட்டகொடை9 | ஞாயிறு, பி.ப. 4.15

தம்பி, அவசரப்பட வேண்டாம். 8205ஐ நீக்கினால் சிங்களம் உடைந்துவிடும். சிங்களத்தில் ‘ஸ்ரீ’ என்று எழுத அந்த இணைப்பான் கட்டாயம் வேண்டும். அதை எடுத்தால் நாட்டின் பெயரே உடைந்துதான் வரும். புறக்கோட்டையில் ஒரு பில்லில் இரண்டு மொழியும் இருக்கும். நான் ஒரு தடவை இதே ‘சுத்தப்படுத்தலை’ச் செய்து, காலையில் வந்து பார்த்தால் சிங்கள வாடிக்கையாளர் பெயர்கள் எல்லாம் பிரிந்து கிடந்தன. பக்கப்பிரதி இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

சனிக்கிழமை ரீச்சர் | ஞாயிறு, பி.ப. 4.50

கொம்புக்குப் பிறகு ‘ள’ வந்தால் ‘ௌ’ எண்ட விதியும் சரிவராது தம்பி. நான் இருக்கிற ஊரின் பெயரை எழுதிப் பாருங்கோ. வெள்ளவத்தை. வகரம், கொம்பு, ளகரம், புள்ளி. உங்கட விதி அதையும் ‘ௌ’ ஆக்கி, புள்ளியை அந்தரத்தில விட்டுப்போடும். வெளி, தெளிவு எல்லாத்துக்கும் அதே கதிதான்.

பம்பலப்பிட்டி4 | ஞாயிறு, பி.ப. 5.05

ஓம் அக்கா, யோசிக்காமல் எழுதிட்டன். ‘ள’வுக்குப் பிறகு ஒட்டுக்குறி இருந்தால் தொடக்கூடாது. இல்லாட்டியும் ஒரு ஆள் பார்த்துத்தான் திருத்த வேணும். இரண்டு விதியையும் திரும்ப எடுக்கிறன்.

கொட்டாஞ்சேனை13 | ஞாயிறு, இரவு 9.30

டூல் பக்கம் ஒரு விஷயம், டீச்சருக்கு வகுப்புல உதவும். கொம்பைலர் பிழைக்குக் கீழ காட்டுற அம்புக்குறி தமிழ் வரியில தள்ளிப் போய் நிக்கும். அதை நம்பாதீங்க, டெர்மினல்ல தமிழ் எழுத்தோட அகலம் அது போடுற கணக்குக்கு ஒத்து வராது. பத்தி எண்ணும் அப்படித்தான். கோ பைட்ல எண்ணும், அதனால தமிழ்ச் சரத்துக்குப் பின்னால வர்ற பிழை ரொம்பத் தூரத்துல இருக்கிற மாதிரி காட்டும். எடிட்டருக்கும், அதுக்குப் பிழை எங்கன்னு சொல்ற மொழிச் சேர்வருக்கும் நடுவுல ஓடுற நெறிமுறை ரொம்ப நாளா யூடிஎஃப்-16 கணக்குல மட்டும்தான் இருந்துச்சு, 2022ல வந்த 3.17லதான் வேற கணக்கைப் பேசி ஒத்துக்க வழி வந்துச்சு. ஜிசிசி 11லயும் பத்தியை எந்த அலகுல காட்டணும்னு கேட்க வசதி இருக்கு. வரி எண்ணை மட்டும் பார்க்கப் பழக்குங்க, அது எங்கயும் பிழைக்காது.

நேத்து நான் சொன்னதையும் யோசிச்சேன். டீம்ல ஆங்கிலம்தான்ங்கிறதுல நான் மாறல. ஆனா புறக்கோட்டை அண்ணனோட கைமாற்றுக்கு என்கிட்ட ஆங்கிலப் பெயர் இல்லை.

புறக்கோட்டை11 | புதன், இரவு 7.15

பழைய வரிசைகள் எல்லாத்தையும் என்எஃப்சி ஆக்கினன். ‘கொழும்பு’ ஒண்டாகிட்டுது. ‘கொட்டாஞ்சேனை’, ‘கொள்ளுப்பிட்டி’, ‘பொரளை’, ‘கோட்டை’ எல்லாமே இவ்வளவு நாளும் இரண்டு இரண்டா இருந்திருக்கு, நான் கவனிக்கேல்லை. அந்தச் சொற்களை வைச்சு ஒரு டெஸ்ட் எழுதினன். ‘வெள்ளவத்தை’யும் உள்ளுக்கு இருக்கு.

ஒரே ஒரு டெஸ்ட் இன்னும் விழுகுது. ‘ஸ்ரீ’ எண்டு தொடங்குற வாடிக்கையாளர் பெயர்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரியுது, என்எஃப்சி செய்த பிறகும் சமமில்லை. எண் எடுத்தன். ஒண்டு 3000இல் தொடங்குது, மற்றது 2998இல்.

பழைய சி | புதன், இரவு 8.00

3000 ஸகரம். 2998 ஶகரம், அது 2005இல் 4.1 பதிப்பில்தான் யூனிகோடுக்குள் வந்தது. அதற்கு முன் எல்லோரும் ஸகரத்தால் எழுதினார்கள், பிறகு சில விசைப்பலகைகள் ஶகரத்துக்கு மாறின. எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே கூட்டெழுத்தாக வரைகின்றன. ஆனால் யூனிகோட் கண்ணில் இவை இரண்டு வேறு எழுத்து, எந்தச் சீர்படுத்தலும் சேர்த்து வைக்காது. இதற்கு நீங்களே ஒரு வரி எழுத வேண்டும்: 2998, 3021, 2992, 3008 என்று தொடர்ந்து வந்தால் முதல் எண்ணை 3000 ஆக்குங்கள். அந்தத் தொடருக்கு மட்டும். தனியாக வரும் ஶகரத்தைத் தொட வேண்டாம். தேடலுக்கான பிரதியில் மட்டும் செய்யுங்கள், அவர் எழுதிய பெயர் அவர் எழுதியபடியே பில்லில் வரட்டும்.

புறக்கோட்டை11 | புதன், இரவு 8.40

எல்லா டெஸ்டும் பச்சை. நன்றி அண்ணை.

சனிக்கிழமை ரீச்சர் | சனி, பி.ப. 1.10

வகுப்பு முடிஞ்சு இப்பதான் இருந்தன். பைத்தனுக்கு மாறியாச்சு. ‘சில’ வந்தது, ‘மொத்தம்’ வந்தது. பழைய சி ஐயா சொன்னபடி ஒவ்வொரு பிள்ளையையும் தன்ர பெயரை எழுதி, குறி குறியா எண்ணை எடுக்கச் சொன்னன். பேப்பரில் பெட்டி கீறி எழுதிச்சினம். உயிர்மெய் ஏன் இரண்டு பெட்டி எடுக்குது எண்டு ஒருத்தருக்கும் நான் சொல்ல வேண்டி வரேல்லை, மெய்யும் உயிரும் சேர்ந்ததுதானே எண்டு அவையளே சொல்லிச்சினம். ஆனால் ‘க’வுக்குள்ள அகரம் ஏற்கெனவே இருக்கு, ‘க்’ எழுதத்தான் புள்ளி கூட வேணும் எண்டது அவையளுக்குத் தலைகீழாப் பட்டது. அதில் அரை மணித்தியாலம் போச்சுது, நல்ல அரை மணித்தியாலம்.

‘சில’ கேட்ட பிள்ளை இப்ப அடுத்த கேள்வியோட வந்து நிக்கிறாள். ககரம் 2965. ஙகரம் 2969. “நடுவில மூண்டு எண் காணேல்லை மிஸ், ஆர் எடுத்தது?” 2966ஐ அச்சடிச்சுப் பார்த்திருக்கிறாள், வெறும் பெட்டி வந்திருக்கு. ஐயா, இதுக்கு என்ன சொல்லுறது?

பழைய சி | சனி, பி.ப. 2.30

யாரும் எடுக்கவில்லை, அவை வெற்றுக் கதிரைகள். இந்திய எழுத்துகளுக்கு 1988இல் இஸ்கி என்று ஒரு நியமம் இருந்தது. யூனிகோட் 1991இல் அதையே பின்பற்றி, ஒவ்வொரு எழுத்து முறைக்கும் 128 இடம் கொடுத்து, தேவநாகரியின் ஒழுங்கிலேயே எல்லோரையும் வரிசையாக இருத்தியது. தேவநாகரியில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவில் இன்னும் மூன்று ககரம் உண்டு. தமிழில் அந்த மூன்றும் இல்லை, இடம் மட்டும் இருக்கிறது. பிள்ளையிடம் சகரத்துக்குப் பின்னாலும் பார்க்கச் சொல்லுங்கள். 2970 சகரம், 2972 ஜகரம். 2971 காலி.